வகுப்பறையின் இரண்டாவது ஆள்

புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சித்தன்னவாசல் மலையின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை இருக்கிறது. அதன் அர்த்தமண்டபத்தில், அதாவது கருவறைக்கு முன்னுள்ள சிறு மண்டபத்தில், எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்று நாகம் படமெடுத்துக் கவிந்திருக்கும் பார்சுவநாதர். மற்றொன்று தியானத்தில் அமர்ந்த ஒரு சமண ஆசாரியர், அவர் அருகே திருவாசிரியன் என்ற பெயர் வெட்டப்பட்டுள்ளது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தைச் சேர்ந்த 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, இக்கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று கூறுகிறது. ஆக, ஒரே குடைவரையில் ஓர் ஆசிரியர் உருவமாகவும் இன்னோர் ஆசிரியர் எழுத்தாகவும் நிற்கின்றனர். ஆசிரியருக்கு உடனிருந்து உதவியவர் யாரும் அங்கே பெயர் பெறவில்லை. ஆனால் சமண சங்கம் கற்பிக்கும் வேலையை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தியதில்லை என்பதும் இங்கே நினைவுக்கு வரவேண்டும். சங்கத்தை வழிநடத்துபவர் ஆசாரியர், நூல்களைப் பாடம் சொல்பவர் உபாத்தியாயர் என இரு பொறுப்புகளை அச்சமயம் தனித்தனியே வகுத்து, இருவரையும் வணக்கத்துக்குரிய ஐவரின் வரிசையில் வைத்தது.

பொறுப்பைப் பிரித்து வகுத்தல் என்ற இந்தச் செய்திதான் வகுப்பறை உதவியாளர் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. வகுப்பறை உதவியாளர் என்று இங்கே குறிக்கப்படுபவர், வகுப்புக்கு முழுப்பொறுப்பு ஏற்காமல், ஆசிரியரின் திட்டத்துக்கு உட்பட்டு மாணவரோடு நேரடியாக வேலை செய்யும் இரண்டாவது பெரியவர். ஊதியம் பெறுபவராகவோ மதிப்பூதியம் மட்டும் பெறும் தன்னார்வலராகவோ பயிற்சிக்கு வந்த ஆசிரியர் மாணவராகவோ அவர் இருக்கலாம். அப்படி ஒருவரைக் கொடுத்தால் கற்றல் தானாகவே கூடிவிடும் என்ற நம்பிக்கை அரசுகளிடமும் பெற்றோரிடமும் பரவலாக உண்டு. உலகெங்கும் சேர்ந்துள்ள சான்றுகள் அந்த நம்பிக்கையை அப்படியே ஆதரிக்கவில்லை. சில இடங்களில் அதற்கு நேர்மாறாகவே பேசுகின்றன.

தமிழ்நாட்டுக்கு இந்த ஏற்பாடு புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை, இளையவர்களுக்கு மணலில் எழுத்துப் போட்டுக் காட்டினான், மனப்பாடம் கேட்டான், வராதவர்களைத் தேடிப் பிடித்து வந்தான். 1787-இல் சென்னைக்கு வந்து, 1789-இல் எழும்பூரில் இராணுவத்தினரின் ஆண் குழந்தைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் கொண்டுவர முயன்றார். அவரிடம் வேலை பார்த்த துணை ஆசிரியர்கள் அது ஆகாத காரியம் என்று கைவிரித்தபோது, ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வேலையை ஒப்படைத்து வெற்றி கண்டார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட அறிக்கை வழியாக இது மெட்ராஸ் முறை என்று பெயர் பெற்றது. பெல்லாரி மாவட்ட ஆட்சியராக இருந்த ஏ. டி. கேம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கையும், முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பிப்பதையும், அதனாலேயே கற்பிப்பவரின் அறிவு உறுதிப்படுவதையும் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்று ஒப்புக்கொள்கிறது.

பெருமைப்படுவதற்கு இது போதும். ஆனால் சட்டாம்பிள்ளை முறை ஏன் நடந்தது, எங்கே கெட்டது என்று பார்ப்பதே பயன் தரும். அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை சிறியது, தெளிவானது. எழுத்தை எழுதிக் காட்டுவதும் மனப்பாடம் கேட்பதும் அவன் தானே அண்மையில் கடந்து வந்த படிகள் என்பதால் அவை அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தன. கெட்டது இரண்டு இடங்களில். முதலாவது, பிரம்பும் அவன் கைக்குப் போனது. கண்காணிப்பவனும் தண்டிப்பவனும் ஒருவனே ஆனபோது கற்பித்தல் பின்னுக்குப் போனது. இரண்டாவது, இங்கிலாந்தில் ஜோசப் லங்காஸ்டர் போன்றோர் ஓர் ஆசிரியரைக் கொண்டு ஆயிரம் பிள்ளைகள் வரை கற்பிக்கலாம் என்று முழங்கியபோது, ஆசிரியருக்கு உதவுவதற்காகத் தோன்றிய முறை, ஆசிரியர் செலவைக் குறைக்கும் கருவியாக மாறியது. உதவியாளர் என்ற பெயரில் மலிவான ஆசிரியரைத் தேடும் ஆசை அன்றோடு ஒழியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பெரிய சோதனைகளுள் ஒன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை நடந்தது. மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மூன்று வகை வகுப்புகளில் சீட்டுக் குலுக்கல் போன்ற தற்செயல் முறையில் சேர்க்கப்பட்டனர்: 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்பு, 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பு, அதே அளவு வகுப்போடு முழுநேர உதவியாளரும் கொண்ட மூன்றாம் வகை. சிறு வகுப்புப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினர். உதவியாளர் இருந்த வகுப்புக்கும் இல்லாத வகுப்புக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பீட்டர் பிளாட்ச்ஃபோர்டும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்திலும் வேல்சிலும் நடத்தி 2009-இல் முடித்த ஆய்வு இன்னும் கசப்பானது. முந்தைய மதிப்பெண்ணையும் சிறப்புத் தேவையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், உதவியாளரிடம் மிகுதியான நேரம் செலவிட்ட பிள்ளைகளே குறைவாக முன்னேறியிருந்தனர். இதற்கு உதவியாளர்களின் திறமைக்குறைவு காரணமன்று என்பதை அந்த ஆய்வாளர்கள் அழுத்திச் சொன்னார்கள். மிகவும் பின்தங்கிய பிள்ளையை உதவியாளரிடம் நிரந்தரமாக ஒப்படைத்துவிட்டு, தகுதி பெற்ற ஆசிரியர் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியதும், இருவரும் கலந்து பேசத் தனியே நேரம் ஒதுக்கப்படாததும், உதவியாளர்களின் பேச்சு பிள்ளையைச் சிந்திக்க வைப்பதைவிட வேலையை முடிக்க வைப்பதில் முனைந்ததும்தான் காரணங்கள்.

இந்தியச் சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. பிரதம் அமைப்பு மும்பையிலும் வதோதராவிலும் நடத்திய பால்சகி திட்டம், பள்ளிப்படிப்பை முடித்த உள்ளூர் இளம்பெண்களைத் தேர்ந்து, மூன்றாம் நான்காம் வகுப்பில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வராத 15 முதல் 20 பிள்ளைகளை நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தனியே அமர்த்திக் கற்பிக்க வைத்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் உள்ளிட்ட குழு 2001 முதல் 2003 வரை அதை அளந்தபோது மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்திருந்தன. அந்த உயர்வு பால்சகியிடம் சென்ற பிள்ளைகளிடமே திரண்டிருந்தது, கூட்டம் குறைந்த வகுப்பில் ஆசிரியரோடு தங்கிய பிள்ளைகளிடம் அது காணப்படவில்லை. இதே அமைப்பு பின்னர் உத்தரகண்டில் தன்னார்வலர்களைப் பள்ளிக்குள் அனுப்பியபோது, அவர்கள் வழக்கமான பாடத்தை நடத்தும் கூடுதல் ஆசிரியர்களாக உள்வாங்கப்பட்டனர். பயன் எதுவும் கிட்டவில்லை. இரண்டு இடங்களிலும் கூடுதலாக ஓர் ஆள் இருந்தார். ஓரிடத்தில் அவருக்கென்று ஒரு வேலை இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் நடந்த ஆய்வே இவற்றுள் மிகுந்த கவனத்துக்குரியது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர், தமிழ்நாட்டு அரசின் ஒத்துழைப்போடு நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் தற்செயலாகத் தேர்ந்த பாதியில் முன்பருவக் கல்விக்கென்று மட்டும் அரைநேரப் பணியாளர் ஒருவரைச் சேர்த்தனர். அங்கன்வாடி அமைப்பாளருக்கு எடை பார்ப்பது, இணை உணவு வழங்குவது, பதிவேடுகள் எழுதுவது, கருவுற்ற தாய்மாரைக் கவனிப்பது என்று வேலைகள் குவிந்து, மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும் எண்ணிக் காட்டவும் நேரமே மிஞ்சாத நிலை எல்லா ஊர்களும் அறிந்ததே. புதியவர் வந்தபின் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களுக்குப் பின் மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தனர். ஆனால் ஆய்வின் அழகு அடுத்த முடிவில் இருக்கிறது: கற்பிக்கும் சுமை இறங்கிய பழைய பணியாளர் தம் நேரத்தை ஊட்டச்சத்துப் பணிக்குத் திருப்பியதால், வயதுக்கேற்ற உயரமின்மையும் கடும் ஊட்டக்குறைவும் அம்மையங்களில் குறைந்திருந்தன. இரண்டாவது ஆளின் மதிப்பை, அவர் செய்த வேலையால் மட்டும் அளந்தால் பாதிக் கணக்கே வரும்; அவர் வந்ததால் முதலாமவர் எதைச் செய்ய முடிந்தது என்பது மறுபாதி.

இந்த மறுபாதியைத்தான் டென்னசி வகுப்பறைகளும் இங்கிலாந்து வகுப்பறைகளும் தவறவிட்டன என்று துணிந்து சொல்லலாம். உதவியாளர் கிடைத்ததும் எந்தப் பிள்ளையை அவரிடம் தள்ளலாம் என்று கேட்பதற்கு முன், அவர் இருப்பதால் ஆசிரியர் எந்தப் பிள்ளையின் அருகே போய் உட்கார முடியும் என்று கேட்க வேண்டும். சித்தன்னவாசலைச் சுற்றியுள்ள ஊர்களைப் போன்ற சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை வகுக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளை இருவர் பகிரும்போது, பல வகுப்புக் கற்பித்தல், அதாவது வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் ஒரே நேரத்தில் கற்பித்தல், விதிவிலக்காக இல்லாமல் அன்றாடமாகவே ஆகிவிடுகிறது. அவர்களுள் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் எஞ்சியவர் ஐந்து வகுப்புக்கும் ஒருவரே. அங்கே வரும் இரண்டாவது ஆள், பள்ளி மேலாண்மைக் குழு வழியாக அமர்ந்த தற்காலிக ஆசிரியராகவோ, வாரத்தில் சில நாள் வந்துபோகும் சிறப்புப் பயிற்றுநராகவோ, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலிருந்து பயிற்சிக்கு வந்த மாணவராகவோ, மாலையில் பிள்ளைகளை உட்கார வைக்கும் தன்னார்வலராகவோ இருப்பார்.

இருக்கும் ஏற்பாடுகளிலேயே ஒரு வசதி உண்டு. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை வகுப்பால் மட்டும் பார்க்காமல், கற்றல் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. ஆகவே எந்தக் குழுவுக்கு எந்த வேலை என்று உதவியாளரிடம் சொல்வதற்கான அடிப்படை ஆசிரியரிடம் ஏற்கெனவே இருக்கிறது. வழக்கமாக நடப்பது, அரும்பு நிலைப் பிள்ளைகளை ஆண்டு முழுவதும் உதவியாளரிடம் விட்டுவிட்டு மலர் நிலையோடு ஆசிரியர் பாடத்தைத் தொடர்வது. ஆய்வுகள் எச்சரிப்பது இதையே. புதிய பாடத்தைத் தொடங்கும் நாளில் அரும்புக் குழுவோடு ஆசிரியரும், முன்பே கற்றதைப் பழகும் மலர்க் குழுவோடு உதவியாளரும் இருப்பது, பின் சில நாள் கழித்து, அரும்புக் குழு அதே பாடத்தைப் பழகும் கட்டத்துக்கு வரும்போது இடம் மாறிக்கொள்வது என்ற சுழற்சி பெரிய ஏற்பாடு எதையும் கேட்பதில்லை. கடினமான பகுதி ஆசிரியருக்கு, பழக்கும் பகுதி உதவியாளருக்கு. பிள்ளைகள் இருவரிடமும் மாறி மாறி.

அடுத்தது பேச்சு. கல்வியியலில் சாரம் அமைத்தல் என்றொரு கருத்து உண்டு: கட்டடம் எழும்பும்வரை மட்டும் கொத்தனார் நிற்கக் கட்டப்படும் சாரத்தைப் போல, பிள்ளைக்குத் தேவையான அளவு மட்டும் உதவி தந்து, தேவை குறையக் குறைய அதைப் பிரித்து எடுத்துவிடுதல். உதவியாளருக்குக் கற்றுத்தர வேண்டிய திறன்களுள் இதுவே முதன்மையானது. ஏனெனில் உதவ வந்தவரின் இயல்பான உந்துதல் விடையைச் சொல்லிவிடுவதுதான். ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழிக்கும் பிள்ளை 35 என்று எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றின் இடத்தில் இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க முடியாததால், அது ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது. பிழை கவனக்குறைவால் வந்ததன்று, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு கேட்ட விதியைப் பிள்ளை உண்மையாகக் கடைப்பிடித்ததால் வந்தது. அழிப்பானை எடுத்துத் துடைத்து, பக்கத்திலிருந்து ஒரு பத்தைக் கடன் வாங்கு என்று சொல்லிக் கொடுத்தால் நோட்டில் 25 வந்துவிடும், மனத்தில் ஒன்றும் மாறியிருக்காது.

பயிற்சி பெற்ற உதவியாளர் முதலில் ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பார். சில நொடி மௌனத்தில் பிள்ளைகள் தாமே பிழையைக் கண்டுபிடிப்பது அரிதன்று. பின், இந்தக் கணக்கை எப்படிப் போட்டாய் என்று சொல்லச் சொல்வார். அதற்கும் தெளியவில்லையென்றால் குச்சிக் கட்டுகளை முன்னே வைத்து, ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கையில் இருக்கும்போது ஏழு குச்சியை எடுத்துத் தர முடியுமா என்று கேட்பார். அதன் பிறகே வேறொரு கணக்கை, எடுத்துக்காட்டாக 43-இலிருந்து 18-ஐ, தாம் போட்டுக் காட்டுவார். பிள்ளையின் கணக்கைப் பிள்ளையிடமே விட்டுவிடுவார். திருத்திச் சொல்வது கடைசிப் படி. இந்த வரிசையை ஒரு பக்கத்தில் எழுதி, வாரம் ஒரு கணக்கை எடுத்து ஆசிரியரும் உதவியாளரும் தமக்குள் ஒருமுறை நடத்திப் பார்த்தாலே போதும். இதற்கென்று பயிற்சி மையம் எதுவும் வேண்டியதில்லை.

மொழியில் இது இன்னும் நுட்பமானது. பள்ளி என்று இருப்பதைப் பல்லி என்று வாசிக்கும் பிள்ளையை வகுப்பே சிரித்து அடக்கிவிடும். ஆனால் ல, ள, ழ வேறுபாடு வீட்டுப் பேச்சில் மங்கிய ஊர்களில் அந்தப் பிள்ளை தான் கேட்ட ஒலியையே திருப்பிச் சொல்கிறது. உதவியாளரும் அதே ஊரார் என்றால் அவருடைய நாவிலும் வாழைப்பழம் வாளப்பளமாகவே ஒலிக்கலாம். இதைக் குறையாகப் பார்த்து அவரை மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் ஆசிரியர், ஒரு நல்ல வாய்ப்பை இழக்கிறார். பிள்ளையின் வீட்டுச் சொல் எது, அதன் எழுத்து வடிவம் எது என்று இரண்டையும் அறிந்தவர் அந்த உதவியாளர்தான். வாய்ச்சொல்லில் கதை கேட்பதும், பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் காட்டி வாசிக்க வைப்பதும் அவரிடமும், ஒலி வேறுபாட்டைப் பழக்கும் பயிற்சி ஆசிரியரிடமும் இருக்கலாம்.

சித்தன்னவாசலுக்கே வகுப்பை அழைத்துச் செல்லும் ஒரு நாள் இவை அனைத்தையும் சோதித்துப் பார்க்க ஏற்றது. நாற்பது பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர் என்று கொள்வோம். அறிவர் கோயிலின் அர்த்தமண்டபம் ஏறத்தாழ 22 அடி நீளமும் ஏழெட்டு அடி அகலமும் மட்டுமே உடையது. கருவறை பத்தடிக்கும் உட்பட்ட சதுரம், அதில் ஒருவர் முனகினாலே ஒலி சுற்றிச் சுழலும். தாமரைத் தடாகமும் மீன்களும் யானைகளும் எருமைகளும் பூப்பறிக்கும் மனிதர்களும் விதானத்தில் தீட்டப்பட்டிருப்பதைக் காட்டப் பிள்ளைகளைத் தலைநிமிர்த்தி நிற்க வைக்க வேண்டும். சுண்ணச் சாந்தின் மேல் தீட்டிய அவ்வண்ணங்கள் ஏற்கெனவே பெரிதும் உதிர்ந்து போனவை. நாற்பது பேரையும் ஒன்றாக உள்ளே விட்டு, ஆசிரியர் குரலுயர்த்தி விளக்க, உதவியாளர் கை வைக்காதே என்று கத்திக்கொண்டும் தண்ணீர்ப் புட்டிகளைக் காத்துக்கொண்டும் தலைகளை எண்ணிக்கொண்டும் நிற்பதுதான் வழக்கமான சுற்றுலா. பிள்ளைகளுக்கு மிஞ்சுவது எதிரொலி.

மாற்று ஏற்பாட்டில், பயணத்துக்கு முந்தைய நாளே ஆசிரியர் அரைப் பக்கக் குறிப்பு ஒன்றை உதவியாளரிடம் தந்திருப்பார். மலையின் மறுபுறத்தில் உள்ள ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் 17 கற்படுக்கைகள் உள்ளன, அவற்றுள் பெரிய படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது, ஓவியங்கள் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனப் பொதுவாகக் கருதப்படுகின்றன என்று உறுதியானவை மட்டும் அதில் இருக்கும். ஏனெனில் குறிப்பு இல்லாத இடத்தில் கதைகள் முளைக்கும், மலையடிவாரத்தில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. இருபது பேர் ஆசிரியரோடு குடைவரைக்குள் போகும்போது, எஞ்சிய இருபது பேர் உதவியாளரோடு அடிவாரத்தில் இருக்கும் பெருங்கற்கால ஈமச் சின்னங்களைப் பார்த்து, ஒரு கல்வட்டத்தைக் காலடியால் அளந்து நோட்டில் வரைவார்கள். பிறகு இரு குழுக்களும் இடம் மாறும். உதவியாளர் பக்கத்து ஊர்க்காரர் என்றால், மலையில் எந்தப் பாதை வழுக்கும், நாவற்சுனையில் எந்த மாதம் நீர் இருக்கும் என்பதில் ஆசிரியரைவிட அவரே அறிந்தவர். அந்த இடத்தில் அவர் பேசவும் ஆசிரியர் பிள்ளைகளோடு நின்று கேட்கவும் வேண்டும். ஆசிரியர் கேட்பதைப் பார்க்கும் பிள்ளைகள், அதுவரை அக்கா என்று மட்டும் அழைத்து வேலை ஏவிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

மரியாதை பற்றிய பேச்சு இங்கே தவிர்க்க முடியாதது. ஆசிரியரை டீச்சர் என்றும் உதவியாளரை அக்கா என்றும் பிள்ளைகள் அழைப்பது இயல்பு, அதில் தீங்கில்லை. ஆசிரியரே பிள்ளைகள் முன்னிலையில் அவரை ஒருமையில் அழைத்து, தேநீர் வாங்கிவரச் சொல்வதுதான் தீங்கு. எழுத்து வேலைகளை அவரிடம் தருவது குறித்துத் தயக்கம் காட்டுவோரும் உண்டு. அத்தயக்கம் முழுவதும் சரியன்று. இங்கிலாந்தில் 2003-இல் ஏற்பட்ட பணிச்சுமை ஒப்பந்தம், நகலெடுப்பது, பணம் வசூலிப்பது, சுவரில் படங்கள் ஒட்டுவது போன்ற வேலைகளை ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்யக் கூடாது என்றே பட்டியலிட்டது. எமிஸ் என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் விவரம் ஏற்றுவதும் பதிவேடு நிரப்புவதும் கற்பித்தல் நேரத்தைத் தின்கின்றன என்று தமிழ்நாட்டு ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் குறைப்படுகிறார்கள். அவ்வேலையில் ஒரு பகுதியை உதவியாளர் ஏற்று, அப்படி மிஞ்சிய நேரத்தில் ஆசிரியர் அரும்புக் குழுவோடு உட்காருவாரானால் அது நல்ல பயன்பாடே. மிஞ்சிய நேரம் ஆசிரியர் அறையில் கழியுமானால், உதவியாளர் ஓர் எழுத்தராக மட்டுமே எஞ்சுவார்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஊர்க்காரரே ஊருக்குக் கற்பித்த அனுபவம் நிறைய உண்டு. 1991-இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் என்ற அளவில் இளைஞர்களைத் திரட்டி, கல்லுடைக்கும் பெண்கள் உட்பட எழுதப் படிக்கத் தெரியாதோர் வாழும் இடத்துக்கே சென்று கற்பித்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றது அதன் பக்கவிளைவாகப் புகழ்பெற்றது. அந்தத் தொண்டர்களுக்கு ஊதியம் இல்லை, ஆனால் கையில் பாடநூல் இருந்தது, மேலே பயிற்சி தருவோரின் அடுக்கு இருந்தது, முடிக்க வேண்டிய வேலைக்கு எல்லை இருந்தது. முப்பது ஆண்டு கழித்து, கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்களை, பெரும்பாலும் பெண்களை, மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்தில் மாலை நேரக் கற்பித்தலுக்குத் திரட்டியது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் செய்த ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் மதிப்பிட்டது. மீட்சியின் பெரும்பகுதி பள்ளியிலிருந்தே வந்தது என்பதும் இதே கணக்கில் அடங்கியிருக்கிறது. உதவியாளர் ஆசிரியருக்கு மாற்று அல்லர் என்று வாதாடுவோர் இதைவிட வலுவான எண்ணைத் தேட வேண்டியதில்லை. அதேவேளை மாதம் 1,000 ரூபாய்க்கு ஒருவர் ஆண்டுக்கணக்கில் தொடர்வார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. நெருக்கடிக்குப் பொருந்தும் ஊதியம் அன்றாடத்துக்குப் பொருந்தாது.

நடைமுறையில் பள்ளிக்கும் மாலை வகுப்புக்கும் இடையே பாலம் இல்லாததுதான் பெரிய விரயம். பகலில் ஆசிரியர் எந்தப் பாடத்தில் நிற்கிறார் என்று தெரியாமல் தன்னார்வலர் மாலையில் வேறொன்றைத் தொடங்குகிறார். மாலையில் எந்தப் பிள்ளை எங்கே திணறியது என்று தெரியாமல் ஆசிரியர் மறுநாள் மேலே போகிறார். இதற்கு வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கத்தில் ஆசிரியர், இன்று இந்தக் குழு, இந்த வேலை, இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள் என்று இரண்டு வரி எழுதுவார். வலப்பக்கத்தில் உதவியாளர், யார் செய்தார், யார் எந்த இடத்தில் நின்றார், என்ன சொன்னார் என்று இரண்டு வரி எழுதுவார். நன்றாகச் செய்தார்கள் என்பது போன்ற பொதுச் சொல் அதில் இடம்பெறக் கூடாது. கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில் இருவர் நின்றார்கள் என்பது போன்ற வரிதான் மறுநாள் ஆசிரியருக்குப் பயன்படும். அதோடு வாரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் இருவரும் உட்கார்ந்து பேசுவது கால அட்டவணையிலேயே இடம்பெற வேண்டும், ஏனெனில் அட்டவணையில் இல்லாத பேச்சு இரண்டாம் வாரத்தோடு நின்றுவிடும். மதிப்பூதியத்தில் வருபவர்கள் வேறு வேலை கிடைத்தோ திருமணமாகியோ ஆண்டின் நடுவிலும் விலகுவார்கள். அப்போது புதிதாக வருபவரிடம் தலைமை ஆசிரியர் முதல் நாளில் கொடுக்க வேண்டியதும் அந்த நோட்டைத்தான், விடுப்புப் பதிவேட்டை அன்று.